காசும் மதிப்பெண்ணும்

பொருள்களைத் தேடிச் சேர்ப்பது மக்களுக்கு இயல்பாக அமைந்த விருப்பங்களுள் ஒன்று. நம் நாட்டுச் சிறுவர்கள் பல தலைமுறைகளாகத் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தார்கள். அயல்நாட்டு அஞ்சல் தலைகளைச் சேர்த்தார்கள். மிட்டாய் உறைக்குள் வைத்துத் தரப்பட்ட விளையாட்டு வீரர் படங்களைச் சேர்த்தார்கள். இன்றைய மாணவர்கள் கிரிக்கெட்டு வீரர் சீட்டுகளையும், 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் சீட்டுகளையும் சேர்க்கிறார்கள். பொருள் மாறியிருக்கிறது, விருப்பம் மாறவில்லை.

ஆயினும் இச்சேகரிப்பில் அண்மைக் காலத்தில் புதியதொரு முறை புகுந்துள்ளது. சீட்டை வைத்திருப்பவர் அதனை ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அங்குள்ள தேர்வாளர்கள் சீட்டின் மூலைகள் மழுங்கியுள்ளனவா, ஓரங்கள் நேராக உள்ளனவா, அச்சு நடுவில் அமைந்துள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறார்கள். பின்னர்ச் சீட்டு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் அடைக்கப்பட்டு, மதிப்பெண்ணும் சான்று எண்ணும் அதன் தலைப்பில் பொறிக்கப்படுகின்றன. உரியவர் அதைப் படம் பிடித்து, இணையத்தில் உள்ள சேகரிப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறார். உலகின் எம்மூலையில் இருப்பவரும் அப்படத்தைக் காணலாம். எவருடைய தொகுதி முதலிடம் பெறுகிறது என்பதையும் அறியலாம்.

வரலாறு பேச வந்தவன் விளையாட்டுச் சீட்டுகளைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஒரு பொருளைப் பலரும் காணும்படி பதிவேட்டில் ஏற்றுவது வரலாற்றுக் கல்வியின் முதற்படி. அப்பதிவேட்டில் எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே பிற்காலத்தார் நம்மிடமிருந்து பெறும் அறிவு அமையும். ஆதலின் இப்பதிவேடுகள் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மெல்லிய சிகரெட்டு உறைகள் நசுங்காதிருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தார்கள். வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குவோர் மீண்டும் வருவர் என்று வணிகர் கண்டுகொண்டனர். படச்சீட்டுகள் இவ்வாறு பிறந்தன. அவற்றை முறையாகப் பட்டியலிட்டவர் அமெரிக்க நாட்டில் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த ஜெபர்சன் பர்டிக் என்பவர். 1939ஆம் ஆண்டில் அவர் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் புகையிலையோடு வந்த சீட்டுகளுக்கு 'டி' என்னும் எழுத்து. 'டி 206' என்றால் 1909 முதல் 1911 வரை வெளிவந்த பேஸ்பால் ஆட்டக்காரர் சீட்டுகள் என்று இன்றும் சேகரிப்பாளர் அனைவரும் அறிவர்.

பர்டிக் மூட்டுவாத நோயால் பெரிதும் வருந்தியவர். 1947 முதல் அவர் தம் சேகரிப்பை நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கத் தொடங்கினார். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்களைத் தம் கையாலேயே வரிசைப்படுத்தி ஏடுகளில் ஒட்டினார். 1963ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பணி முடிந்தது. மார்ச்சு மாதத்தில் அவர் மறைந்தார். பசையிட்டு ஒட்டிய சீட்டுக்கு இக்காலத் தேர்வாளர்கள் நல்ல மதிப்பெண் தரமாட்டார்கள். எனினும் அமெரிக்க மக்களின் அன்றாட வாழ்க்கையை ஆராய்வோர் இன்றும் நாடிச் செல்வது அவ்வொட்டிய ஏடுகளையே.

மதிப்பெண் வந்த வழி வேறு. அதன் தொடக்கம் நாணயச் சேகரிப்பில் உள்ளது. 1949ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடையாளம் காணுமளவே எஞ்சிய தேய்ந்த காசுக்கு ஒன்று, சிறிதும் தேயாத காசுக்கு எழுபது என்று அவர் ஓர் அளவுகோல் வகுத்தார். தேய்ந்த காசின் விலையைப் போல எழுபது மடங்கு விலை சிறந்த காசுக்கு உண்டு என்பதே அவ்வளவுகோலின் அடிப்படை. ஆகவே மதிப்பெண் பிறந்தபோதே விலையோடு கைகோத்துப் பிறந்தது. 1986இல் அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனம் நாணயங்களுக்கு மதிப்பெண் இட்டுப் பேழையில் அடைக்கத் தொடங்கியது. 1991இல் அதே வழியில் பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் சீட்டுகளுக்காக ஏற்பட்டது. இணையம் பரவிய பின்னர்ப் பதிவேடுகளும் தோன்றின.

இம்முறையால் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. போலிகளைப் பிரித்தறிய அது உதவுகிறது. ஒரு வகைச் சீட்டு எத்தனை எஞ்சியுள்ளது என்பதற்கு ஒரு கணக்கும் கிடைக்கிறது. ஆயினும் அக்கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. கூடுதல் மதிப்பெண் வேண்டிப் பேழையை உடைத்து மீண்டும் அனுப்புவோர் உண்டு. அதனால் ஒரே சீட்டு இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்படுகிறது.

மதிப்பெண் தவறிய கதையும் உண்டு. டி 206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் சீட்டு மிக அரியது. உலகில் சில பத்துகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1991இல் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. 2013ஆம் ஆண்டில், ஏலத்தொழில் நடத்திய ஒருவர், அச்சீட்டின் ஓரங்களைத் தாமே முன்னர் வெட்டிச் செம்மை செய்ததாக நீதிமன்ற வழக்கொன்றில் ஒப்புக்கொண்டார். பர்டிக் ஒட்டிய ஏட்டிலும் ஒரு வாக்னர் சீட்டு உண்டு. அது எவ்வழியில் வந்து சேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சீட்டுகளைப் போலவே அச்சால் ஆக்கப்பட்டு, கைமாறி, தேய்ந்து, சேகரிப்போரால் போற்றப்படும் பொருள் நம்மிடையே பழங்காசு. அவற்றைப் பட்டியலிட்ட வரலாறு சேலத்தையும் தொட்டுச் செல்கிறது என்பதைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். வால்டர் எலியட் என்னும் இளைஞர் சென்னை அரசுப்பணியில் சேர்ந்து, 1823ஆம் ஆண்டில் சேலம் கலெக்டரின் உதவியாளராக அமர்த்தப்பெற்றார். இன்று அஸ்தம்பட்டி வழியாக ஏறிச் செல்லும் சாலையின் முடிவிலுள்ள ஏற்காட்டில் காப்பிச் செடியைப் புகுத்திய காக்பர்ன் கலெக்டராக இருந்த காலம் அது. எலியட் விரைவிலேயே தார்வார்ப் பகுதிக்கு மாற்றப்பட்டார். 1824இல் கிட்டூர் எழுச்சியின்போது சில வாரங்கள் சிறைப்பட்டும் இருந்தார். அதன்பின் பல்லாண்டுகள் தென்னாட்டின் கல்வெட்டுகளையும் காசுகளையும் தேடினார். 1860இல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பிய அவர், பார்வை பெரிதும் குன்றிய முதுமையில், பிறர் துணையோடு 'தென்னிந்தியக் காசுகள்' என்னும் நூலை 1886இல் வெளியிட்டார். 1887 மார்ச்சு முதல் நாள் அவர் மறைந்தார். அன்று காலையிலும் திருக்குறளைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஜி. யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துக் கையொப்பமிட்டார்.

எலியட்டின் காலத்தை ஒட்டிப் பலர் இத்துறையில் உழைத்தனர். டஃப்னெல் என்னும் படைத்தலைவர் தென்னிந்தியக் காசு சேகரிப்போருக்கான குறிப்புகளை எழுதினார். லோவந்தால் என்னும் பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதினார். திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த தேசிகாச்சாரியார் 1933இல் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். இவர்கள் நூல்களில் காணும் படத்தாள்கள் இக்காலப் பதிவேட்டுப் படங்களுக்கு மூத்தவை. காசு மிளிர்வதால் படம் தெளிவாக விழாது என்று கருதி, அக்காலத்தார் பெரும்பாலும் காசைச் சாந்தில் பதித்து எடுத்த வார்ப்பையே படம் பிடித்தனர்.

படத்தால் விளையும் பயன் என்ன? பழங்காசுகளில் பல, கையால் அடித்து ஆக்கப்பட்டவை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, இடையில் உலோகத்துண்டு, சம்மட்டியால் ஓர் அடி. அச்சில் ஒரு வெடிப்புத் தோன்றினால் அதன்பின் அடிக்கப்பட்ட ஒவ்வொரு காசிலும் அவ்வெடிப்பு விழும். எனவே சேலத்தில் ஒருவரிடமும் இலண்டனில் ஒருவரிடமும் உள்ள இரு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவை எனப் படங்களைக் கொண்டே துணியலாம். எது முன், எது பின் என்றும் வரிசைப்படுத்தலாம். பெட்டிக்குள் பூட்டி வைத்த காசால் இப்பயன் இல்லை. படத்தைப் பகிர்ந்துகொள்ளும் இக்காலப் பழக்கத்தை வரலாற்று மாணவர் வரவேற்பதற்கு இதுவே தலையாய காரணம்.

ஆனால் மதிப்பெண்ணை மட்டும் கண்டு படத்தை மறக்கக் கூடாது. அஸ்தம்பட்டியில் என் இல்லத்துக்கு அவ்வப்போது மாணவர் சிலர் வருவதுண்டு. ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் தம் பாட்டியாரின் சுருக்குப்பையில் கிடந்த செப்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் நிழல்போல் தெரிந்தது. மறுபுறம் பாரசீக எழுத்தின் சில கீற்றுகள். அது 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு. "ஐயா, இதைப் புளியிட்டுத் துலக்கி அனுப்பினால் எத்தனை மதிப்பெண் வரும்?" என்று கேட்டார். இதே காசுகள் பளபளவென்று பேழையில் அமர்ந்திருக்கும் படங்களைத் தாம் இணையத்தில் கண்டதாகவும், தம்முடையது அவற்றின்முன் எதற்கும் உதவாது என்றும் வருந்தினார்.

அவர் கண்ட பளபளக்கும் காசுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கு வேண்டிய செப்புக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோகோ அக்கசாலையில் நீராவிப் பொறியால் அடிப்பித்தனர். அவற்றைப் பீப்பாய்களில் அடைத்து 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பலில் ஏற்றினர். 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்பே, குட்வின் மணல்திட்டில் புயலால் மோதுண்டு அக்கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 175 ஆண்டுகள் கழித்து, 1980களில், மூழ்காளர் அங்கிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காசுகளை எடுத்தனர். பீப்பாயின் நடுவில் கடல்நீர் புகாத இடத்தில் இருந்தவை புதுமை மாறாமல் கிடைத்தன. இன்று உலகெங்கும் சேகரிப்போர் கையில் உள்ள 1808ஆம் ஆண்டுக் காசுகளிற் பல அவைதாம்.

மாணவ நண்பர்களே, இவ்விரு காசுகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். கடலில் கிடந்த காசு எவர் கையிலும் ஏறவில்லை, எச்சந்தையையும் காணவில்லை. பாட்டியாரின் காசோ தான் எதற்காக அடிக்கப்பட்டதோ அப்பணியைச் செய்து தேய்ந்தது. அக்காலச் சென்னைக் கணக்கில் எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு இத்தகைய பத்துக் காசுகள் 336 வேண்டும். உப்பு வாங்கவும் கூலி கொடுக்கவும் பயன்பட்ட சில்லறை இதுவே. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியார் கைக்கு மாறிய பின்னர், அவர்கள் ஆட்சி ஏழையின் இடுப்பு முடிச்சு வரை எவ்வாறு சென்றது என்பதற்கு இக்காசு ஒரு சான்று. அதன் தேய்வும் சான்றின் ஒரு பகுதி. அதைப் புளியிட்டுத் துலக்கினால் மேற்பரப்பின் பழமை நீங்கிவிடும், மதிப்பெண்ணும் கிடைக்காது. நான் இவ்வளவையும் அம்மாணவரிடம் கூறினேன். பாட்டியாருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவர் பிறந்த ஊர் எது என்று கேட்டெழுதி வருமாறும் சொன்னேன். காசின் இருபுறமும் எடுத்த படத்தோடு அக்குறிப்பும் இன்று அவருடைய ஏட்டில் இருக்கிறது.

குறை என்று நாம் நினைப்பது வரலாறாக மாறுவதற்கு இதைவிடப் பெரிய சான்று புதுக்கோட்டையில் உண்டு. 1898ஆம் ஆண்டில் ஆலங்குடிப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான ரோமானியப் பேரரசர்களின் பொற்காசுகள் 501 அதில் இருந்தன. மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு காணப்பட்டது. இக்காலத் தேர்வாளர் அவ்வடுவைக் கண்டால் "பழுதுற்றது" என்று எழுதி எண்ணிடாமல் திருப்பிவிடுவர். ஆராய்ச்சியாளரோ அவ்வடுவிலேயே கருத்தைச் செலுத்தினர். இக்காசு இனி நாணயமாக வழங்கற்பாலதன்று, பொன்னாக மட்டுமே கொள்ளத்தக்கது எனக் காட்டவே அது வெட்டப்பட்டது என்பது பலர் கருத்து. யவன வணிகம் இந்நாட்டில் எம்முறையில் நடைபெற்றது என்பதற்கு அவ்வடு வழிகாட்டுகிறது. ஒரே புதையலாகக் கிடைத்து, மொத்தமாக எண்ணி எழுதப்பட்டதனால் இதனை நாம் அறிந்தோம். ஒவ்வொன்றாக விலைபோயிருந்தால் அறிந்திருப்போமா?

மொத்தமாகப் பதியப்படாமையால் நேர்ந்த இழப்புக்குக் கரூரே எடுத்துக்காட்டு. அமராவதி ஆற்று மணலை அரித்து எண்ணற்ற பழங்காசுகளை எடுத்தனர். அவை வணிகர் வழியாகப் பல ஊர்களுக்குச் சென்றன. அவற்றுட் சிலவற்றைச் சேகரிப்போர் காத்தமையால் நமக்குப் பேருதவி விளைந்தது. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்னும் சேரர் பெயர்கள் காசுகளில் படிக்கப்பட்டன. கொல்லி என்னும் பெயரைக் கேட்டதும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை உங்கள் நினைவுக்கு வரும். இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 1984-85ஆம் ஆண்டளவில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த சதுரச் செப்புக் காசை அவர் வெளிப்படுத்தினார். சங்ககாலத் தமிழரசர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டனரா என்ற ஐயம் அதனால் நீங்கியது. தாம் கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், படமும் எடையும் அளவும் கொடுத்து நூல்களாக அவர் வெளியிட்டமையால் அன்றோ நாம் இன்று அவற்றைப் பேச முடிகிறது?

எனினும் அக்காசுகளின் காலத்தைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மண்ணில் எவ்வடுக்கில் எப்பொருளோடு கிடந்தன என்பது தெரிந்திருந்தால் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்திருக்கும். காசு நம்மிடம் உள்ளது. அது கிடந்த இடம் நம்மிடம் இல்லை. இனி எவ்வளவு பொருள் செலவிட்டாலும் அதை மீட்க இயலாது.

இடத்தோடு சேர்த்து எடுத்த ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிறுபுரந்தானைச் சொல்லி முடிக்கலாம். ஸ்ரீபுரந்தான் என்றும் வழங்கும் அவ்வூர்க் கோயிலின் நடராசர் திருமேனி களவு போய், 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது லட்சம் டாலர் அளவில் விலைக்கு வாங்கப்பட்டது. பொய்யான உரிமைத்தாள்களும் உடன் சென்றன. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அக்கோயிலிலேயே அத்திருமேனியைப் படம் பிடித்து, ஊர்ப்பெயரோடு தம் தொகுப்பில் வைத்திருந்தனர். இரு படங்களும் ஒப்பிடப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராசர் நாடு திரும்பினார். அப்படத்தின் ஓரத்தில் ஊர்ப்பெயர் எழுதப்படாதிருந்தால் அப்படத்தாற் பயன் விளைந்திருக்காது.

ஆகவே, மாணவ நண்பர்களே, நீங்கள் சீட்டு சேர்த்தாலும் காசு சேர்த்தாலும் சில முறைகளைக் கைக்கொள்ளுங்கள். பொருளின் இருபுறத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒளி ஒருபுறமிருந்து சாய்வாக விழுமாறு படம் எடுங்கள். காசாயின் எடையையும் குறுக்களவையும் எழுதுங்கள். அதைத் துலக்காதீர்கள். யாரிடமிருந்து, எவ்வூரிலிருந்து, எந்நாளில் வந்தது என்பதை அன்றே குறியுங்கள்; நாளைக்கு என்று விட்டால் மறந்துபோகும். மண்ணிலிருந்து பழம்பொருள் கிடைத்தால் சட்டம் ஒன்று உண்டு என்பதை அறியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவித்தல் வேண்டும். அத்தகைய பொருளின் படத்தை முதலில் காட்ட வேண்டிய இடம் இணையம் அன்று, அவ்வலுவலகமே. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின் மதிப்பெண் வேண்டி அவற்றைக் கடல் கடந்து அனுப்பவும் கூடாது.

மதிப்பெண் வேண்டுவோர் அச்சிட்ட சீட்டுகளுக்கு அதனைப் பெறட்டும், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் ஏட்டில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால், ஊருக்கு அதனினும் பெரிய கட்டம் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை எந்நாளிலும் வேறொருவர் மீண்டும் இடலாம். ஊரை எழுத வேண்டியவர், பொருள் கைக்கு வந்த அன்று அதனைப் பெற்றவரே.